கோல்செஸ்டர்: பெயரும் தொன்மையும்

இங்கிலாந்தின் கிழக்கே எசெக்ஸ் கோட்டத்தில், கோல்ன் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது கோல்செஸ்டர். பிரித்தானியாவில் எழுத்துச் சான்றால் அறியப்பெறும் ஊர்களுள் தம் ஊரே மூத்தது என அந்நகரத்தார் பெருமையுடன் கூறுவர். கி.பி. 77ஐ ஒட்டிப் பிளினி இயற்றிய இயற்கை வரலாற்றில், மோனாத் தீவின் தொலைவைச் சுட்டுமிடத்து இவ்வூர்ப் பெயர் வருதலே அக்கூற்றுக்கு அடிப்படையாகக் காட்டப்பெறுவது. பிளினிக்கு ஊரைப் பற்றிய கருத்து ஏதும் இல்லை. தீவை அளக்கப் புகுந்தவர் ஊரைத் தொட்டுச் சென்றார், அவ்வளவே. எனினும் அந்நூலினும் முற்பட்ட சான்று உண்டு. கி.பி. 40ஐ ஒட்டி மறைந்த குனோபெலின் என்னும் மன்னனின் காசுகளில் ஊர்ப்பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆதலின் காசே மூத்த சான்று எனக் கொள்கின்றோம்.

பண்டைப் பெயர் கமுலோடூனம். கமுலோஸ் என்னும் போர்த்தெய்வத்தின் கோட்டை என்பது பொருள். இன்றைய பெயரின் ஈறாகிய 'செஸ்டர்' பாசறையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் திரிபு. மான்செஸ்டர், வின்செஸ்டர் முதலியவற்றினும் இவ்வீறு காணப்பெறும். முற்பகுதி ஆற்றுப் பெயரோ, 'கொலோனியா' என்னும் குடியேற்றச் சொல்லோ என்பதில் அறிஞர் வேறுபடுவர். கோயல் என்னும் மன்னன் பெயரால் வந்தது என இடைக்காலத்தார் கூறியது பெயருக்கேற்பப் புனைந்த கதையேயாம்.

கி.பி. 43இல் பேரரசன் கிளாடியஸ் இவ்வூரைக் கைக்கொண்டான். 49இல் ஓய்வுபெற்ற படைவீரர் ஈண்டுக் குடியமர்த்தப்பெற்றனர். அவர்கள் நாட்டு மக்களின் நிலங்களைப் பறித்தமையும், கிளாடியஸ் கோயிலின் பெயரால் அம்மக்களின் பொருள் கரைந்தமையும் கலகத்திற்கு வித்திட்டன என்பர் தாசிட்டஸ். 60 அல்லது 61இல் பூடிக்கா அரசியின் படை மதிலற்ற இவ்வூரை எரித்தது. கோயிலுள் புகுந்தோர் இரண்டு நாள் தாங்கி மடிந்தனர். இதற்கு மண்ணே கரியாகின்றது. நகரின் பல இடங்களில் தோண்டுவோர் செந்நிறமாய் வெந்த களிமண் அடுக்கையும், உருகிய கண்ணாடியையும், கருகிய பேரீச்சம்பழத்தையும் காண்கின்றனர். 2014இல் ஒரு வீட்டுத் தரையடியிற் கிடைத்த பொன்னணிகள், அஞ்சியோர் புதைத்துச் சென்றவையாதல் வேண்டும்.

ஆயினும் கிடைத்ததனைத்தையும் நூலோடு பொருத்திப் பார்க்கும் வேட்கை ஆய்வாளரை எங்ஙனம் பிழைபட வைக்கும் என்பதற்கும் இவ்வூரே சான்று தருகின்றது. லாங்கினஸ் என்னும் திரேசியக் குதிரைவீரனின் நடுகல் 1928இல் கிடைத்தது. பதினைந்து ஆண்டு பணியாற்றி நாற்பதாம் அகவையில் இறந்தவன் என அதன் எழுத்துக் கூறும். உருவத்தில் முகம் இல்லை. பூடிக்காவின் படையினரே சினத்தாற் சிதைத்தனர் என நெடுநாள் எழுதப்பட்டது. 1996இல் அதே இடத்தை மீண்டும் அகழ்ந்தபொழுது முகம் கிடைத்தது! கல்லை எடுத்தபோதே அது உடைந்து வீழ்ந்ததாதல் வேண்டும். தாசிட்டஸ் கூறாததொன்றை அவர் பெயரால் கல்லின்மேல் ஏற்றினோர் நாமே.

கலகத்திற்குப் பின் எழுந்த மதில் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் நீளமுடையது. பெரும்பகுதி இன்றும் நிற்கின்றது. கோயிலோ அழிந்தது. அதன் அடித்தளத்தின்மேல் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்மானியர், உரோமச் செங்கல்லையே எடுத்தாண்டு, 46 மீட்டர் நீளமும் 33 மீட்டருக்குச் சற்று மிக்க அகலமும் உடைய கோட்டையை எழுப்பினர். இது தளப்பரப்பில் இலண்டன் வெண்கோபுரத்தினும் பெரிது. கோட்டையின் கீழுள்ள நிலவறைகள் கோயிலின் அடித்தளமே என 1920ஐ ஒட்டி நிறுவியோருள் ஒருவர் மார்ட்டிமர் வீலர்.

இப்பெயர் நமக்குப் புதிதன்று. 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தவர் அவரே. இத்தாலிய அரிட்டைன் மட்கலங்களைக் கொண்டே அரிக்கமேட்டின் காலத்தை அவர் வரையறுத்தார். அவ்வகைக் கலங்கள் கமுலோடூனத்தும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. மதுச்சாடிகளும் ஈரிடத்தும் உள. கோல்ன் ஆற்றங்கரைக்கு அவை சென்றது உரோமப் படை கால்வைப்பதற்கு முன்னரே தொடங்கிற்று. அரிக்கமேட்டில் அப்படை ஒருபோதும் கால்வைத்ததில்லை.