வெயில் சுழற்றும் கல்

வடகரைப் பக்கம் பாறையில் உட்கார்ந்து பழகியவர்களுக்குத் தெரியும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கின பிறகும் கல் சுடும். பகலெல்லாம் வாங்கின வெயிலைச் சாயங்காலம்தான் நிதானமாகத் திருப்பித் தரும். இதே தாமதம் விண்ணில் திரியும் கற்களின் பாதையை மாற்றும் என்று ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பே சொன்னார். அவர் வானியலாளர்கூடக் கிடையாது, ரஷ்யாவில் ரயில்வே பொறியாளர். பெயர் இவான் யார்க்கோவ்ஸ்கி.

அவர் சொன்னதை இன்றைய இயற்பியலில் இப்படிச் சொல்லலாம். கல்லை விட்டுக் கிளம்பும் வெப்பக் கதிர், போகும்போது கல்லை எதிர்ப்பக்கமாக மிக மெல்லத் தள்ளுகிறது. சுழலும் கல்லில் சாயங்காலப் பக்கம்தான் அதிகச் சூடு. அதனால் அந்தப் பக்கத்துத் தள்ளல் கொஞ்சம் ஓங்கிவிடும், பாதை நகரும்.

1900 வாக்கில் இதை ஒரு சிறு பிரசுரமாக எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1902-ல் இறந்தும் போனார். எஸ்தோனியாவின் எர்ன்ஸ்ட் ஓப்பிக் 1909 வாக்கில் அந்தப் பிரசுரத்தைப் படித்திருந்தார். 1951-ல், நாற்பது வருடம் கழித்து, ஞாபகத்திலிருந்தே அதைப் பற்றி எழுதினார். ஒரு மனிதரின் ஞாபகத்தில் தொங்கிக்கொண்டு பிழைத்த யோசனை இது.

பாதை நகரும், சரி. சுழற்சி எப்படி மாறும்? சுரண்டைப் பக்கம் நிற்கும் காற்றாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். இறக்கை சாய்வாக இருப்பதால்தான் காற்று அதைச் சுற்றுகிறது. சிறுகோள்களும் வழவழப்பான உருண்டை இல்லை. கோணலும் மேடுபள்ளமுமான கற்கள். ஒவ்வொரு சரிவிலிருந்தும் வெப்பம் ஒவ்வொரு திசையில் கிளம்ப, கணக்கு நேராகாமல் கொஞ்சம் முறுக்கு மிஞ்சுகிறது. அந்த முறுக்கு சில கற்களை வேகப்படுத்தும், சிலதை மந்தப்படுத்தும். ராட்ஸியெவ்ஸ்கி, பேடாக், ஓகீஃப் என்று பலர் இந்தக் கணக்கை வளர்த்தார்கள். 2000-ல் டேவிட் ருபின்காம் நால்வரின் முதலெழுத்துகளையும் சேர்த்து 'யோர்ப்' என்று பெயர் வைத்தார்.

ஆனால் இதைக் கண்ணால் பார்ப்பது எப்படி? தொலைநோக்கியில் சிறுகோள் ஒரு புள்ளிதான். அது சுழலும்போது வெளிச்சம் கூடிக் குறையும், அவ்வளவுதான் தெரியும். அந்த வெளிச்சத்தை அளக்கும் அளவுகோலுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஐந்து படி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு வெளிச்சம் என்ற கணக்கை 1856-ல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். 1861-ல் சென்னை வான்நோக்கு நிலையத்துக்கு வந்தார். அந்த ஏப்ரல் 17-ம் தேதியே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அதன் பெயரே 'ஆசியா'. 1891-ல் இறக்கும்வரை அவர் சென்னையில்தான் இருந்தார். நுங்கம்பாக்கத்திலிருந்து மொத்தம் ஐந்து சிறுகோள்களைக் கண்டார். எல்லாம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட கற்கள். அந்தப் பருமனில் வெயிலின் தள்ளல் எடுபடாது. யோர்ப் சின்னக் கற்களின் சமாச்சாரம்.

அப்படி ஒரு சின்னக் கல்லில்தான் 2007-ல் ஆதாரம் கிடைத்தது. நூறு மீட்டர் சொச்சம் அகலம். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று. அந்தச் சுற்று நேரம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி குறைகிறது. இதையா அளந்தார்கள் என்று கேட்கலாம். வருடத்துக்கு நாற்பதாயிரத்துக்கும் மேல் சுற்று ஆகிறது, ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் துளி சீக்கிரம். சிறுகச் சேர்ந்து, நான்கு வருடத்தில் அந்தக் கல் ஏறத்தாழ அரைச் சுற்று முந்தி நின்றது. இப்போது அதன் பெயரே 'யோர்ப்'.

அதே வருடம் 'அப்பல்லோ' என்ற சிறுகோளிலும் இது உறுதியானது. நாற்பது வருடத்தில் ஒரே ஒரு சுற்று கூடுதலாகப் போடும் வேகமாற்றம். அதைப் பிடிக்க 1980-ம் வருடத்து வெளிச்சப் பதிவுகள் தேவைப்பட்டன. அன்று ராத்திரி கண்விழித்துக் குறித்தவர்கள் இதற்காகக் குறிக்கவில்லை.

இதில் நமக்கு என்ன? 'பென்னு' என்ற சிறுகோள் 2182 செப்டம்பர் 24 அன்று பூமியில் மோத 2,700-ல் ஒரு வாய்ப்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெப்பத்தின் தள்ளல் அதன் பாதையை வருடத்துக்கு 284 மீட்டர் நகர்த்துகிறது. அந்த மீட்டர்களை விட்டுவிட்டால் கணக்கே தப்பு. தள்ளல் எந்தப் பக்கம் என்பதோ கல் சுழலும் விதத்தைப் பொறுத்தது.

சென்னை நிலையத்தின் வேலை 1899-ல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. பதிவேடுகள் இன்று பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய எண்கள்தானே, இனி யாருக்கு வேணும் என்று யாராவது சொன்னால், அப்பல்லோவின் அந்த ஒரு கூடுதல் சுற்றை ஞாபகப்படுத்துங்கள்.