புழுங்கல் அரிசியும் பெரிபெரி நோயும்

பல்கலைக்கழகங்களில் உணவியல் பயிலும் மாணவர்களுக்கு வைட்டமின் பற்றிய பாடத்தைத் தொடங்கும்போது, பெரிபெரி என்னும் நோயின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். அந்த வரலாற்றில் மலாயாவுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. தோட்டத்துத் தமிழர் வீட்டு அடுப்பங்கரைக்கும் அதில் ஓர் இடம் உண்டு. அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈய லம்பங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாரிக்கொண்டு போயிற்று. முதலில் கால் மரத்துப் போகும். பிறகு கால் வீங்கும், நடை தள்ளாடும். நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, திடீரென்று ஆள் சாய்ந்து விடுவதும் உண்டு. ஆனால் அதே நாட்டில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களை இந்நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு என்று அவர்களை மாய்க்க வேறு நோய்கள் ஏராளமாக இருந்தன. பெரிபெரி மட்டும் ஒதுங்கி நின்றது.

ஏன்? ஈரமண்ணின் ஆவி என்றனர் சிலர். 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைவரான ஹாமில்டன் ரைட், கிருமிதான் காரணம் என்றார். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் மட்டும் சோற்றுப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளை அரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் வயல் நெல்லைக் கையால் குத்தி உண்டனர். தமிழர்கள் உண்டதோ புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று 1907இல் அவர் ஒரு நூலே எழுதினார். அரிசி என்று கண்டது சரி. நஞ்சு என்றதுதான் தவறு.

இதைச் சோதித்துப் பார்த்தவர் டாக்டர் வில்லியம் பிளெட்சர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டு டிசம்பரில் நோயாளிகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசிச் சோறு, மற்றதற்குப் புழுங்கல் அரிசிச் சோறு. இடத்தின் குற்றமோ என்ற ஐயம் தீர, நடுவில் இரு பிரிவினரையும் விடுதி மாற்றியும் பார்த்தார். ஓராண்டு முடிவில் வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 30க்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவ்விருவரும் நோயோடு வந்து சேர்ந்தவர்கள். ஒருவரும் சாகவில்லை. உலக மருத்துவ நூல்கள் இந்த ஆய்வைப் பாராட்டுகின்றன. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ இயலாத அந்த 18 பேரை நினைக்கும்போது நம்மால் முழு மனத்தோடு பாராட்ட முடியவில்லை.

அடுத்து பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு டாக்டர்கள், ஜெலுபு வட்டாரத்தில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையை நடத்தினர். வெள்ளை அரிசி உண்ட கூட்டத்தில் ஏறக்குறைய மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டியது. இரு கூட்டத்துக்கும் அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. குறை எங்கே என்று தேடியவர்கள், ஆலை தீட்டித் தள்ளும் தவிட்டில் அதைக் கண்டனர். பத்தாவியாவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், 1890களிலேயே கோழிகளுக்கு வெள்ளைச் சோறு போட்டுக் கால் முடங்குவதைக் கண்டிருந்தார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1912இல் காசிமிர் பங்க் என்பவர் இத்தகைய சத்துகளுக்கு வைட்டமின் என்று பெயர் சூட்டினார். தவிட்டில் இருந்த சத்தை இன்று வைட்டமின் பி1 என்கிறோம்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, உமிக்கடியில் தவிட்டோடு ஒட்டியிருக்கும் இச்சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. அவித்தால் அரிசி உடையாது, பூச்சி எளிதில் பிடிக்காது என்றுதான் நம் முன்னோர் அவித்தனர். வைட்டமின் என்ற சொல் பிறக்கப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த வழக்கம் இருந்தது. வெள்ளைச் சோறுதான் மதிப்பு, புழுங்கல் சோறு கூலிக்காரன் சோறு என்று முகம் சுளித்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்க நியாயமில்லை.

ஜப்பானியர் ஆட்சியில், குறிப்பாக 1943இல், நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே கிடைத்தது தீட்டிய வெள்ளை அரிசி, அதுவும் அரைவயிற்றுக்கு. காய்கறி, பருப்பு என்பதெல்லாம் அரிது. வாந்திபேதி, மலேரியா, கால்புண் ஆகியவற்றோடு பெரிபெரியும் அந்த முகாம்களில் புகுந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தமிழரை அதிகம் அண்டாத நோய் என்று மலாயா மருத்துவர்கள் குறித்து வைத்திருந்த அதே நோய்.