முயலும் சருகுமானும்: சிறுவர் படநூல் வந்த வழி



கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. வடை திருடிய காகத்தின் கதையைச் சொல்லி முடித்தவுடன், முன்வரிசையில் இருக்கும் பிள்ளை எழுந்து, "டீச்சர், நரி எப்படி இருக்கும்?" என்று கேட்கும். கேள்வி நியாயமானதே. மலாக்கா மாநிலத் தோட்டங்களில் வளரும் பிள்ளை குரங்கைப் பார்த்திருக்கிறது, உடும்பைப் பார்த்திருக்கிறது, செம்பனைக் காட்டில் ஊர்ந்து செல்லும் பாம்பையும் பார்த்திருக்கிறது. ஆனால் நரியைப் பார்த்ததில்லை. தீபகற்ப மலேசியக் காடுகளில் நரி இல்லை, சிங்கமும் இல்லை. அவை கதையோடு வந்தவை.

காகத்தின் வரலாறு இதைவிடச் சுவையானது. நாம் இன்று பட்டணங்களில் காணும் வீட்டுக் காகம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளான் வட்டாரத்திற்குக் கொண்டுவரப்பட்டது என்பர். அப்படியானால், நம் முன்னோரைப் போலவே காகமும் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்ததுதான்!

இந்த வேடிக்கை விலங்குகள் படமும் கதையுமாகச் சிறு குழந்தையின் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதை இன்று சிறிது ஆராய்வோம். ஒரு படநூலுக்குக் கதை வேண்டும், படம் வேண்டும், அவற்றைக் கையில் ஏந்தும் குழந்தையும் வேண்டும். இம்மூன்றும் ஓரிடத்தில் கூடுவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

முதலில் தமிழகத்தைப் பார்ப்போம். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துச் சிற்பி பூனை ஒன்றைச் செதுக்கியிருக்கிறான். அது முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, முனிவரைப் போலத் தவம் செய்கிறது. அதன் அடியில் எலிகள் நிற்கின்றன. பொய்த்தவம் புரியும் பூனையின் கதையை அறிந்தவர்கள், அந்த எலிகளுக்கு என்ன நேரப்போகிறது என்பதையும் அறிவார்கள். கண்டவுடன் சிரிப்பு மூட்டும் விலங்குப் படங்களில் இதற்கு ஈடானது அரிது. ஆயினும் அது பாறையில் இருக்கிறது. குழந்தை அதனை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

வடமொழியில் தோன்றிய பஞ்சதந்திரக் கதைகள் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திற்குச் சென்றன. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா என்பவர் அவற்றை 'கலீலா வ திம்னா' என்ற பெயரில் அரபு மொழிக்குக் கொண்டுசென்றார். விலங்குகளைப் பல வண்ணங்களில் தீட்டிக் காட்டுவது மன்னர்களின் மனத்தை மகிழ்விக்கும் என்று அந்நூலின் முன்னுரை கூறுகிறது. கதையும் படமும் இங்கே ஏட்டில் ஒன்று சேர்ந்துவிட்டன. ஆனால் ஏடு அரண்மனையில் இருந்தது.

இனி நம் மலாக்காவுக்கு வருவோம். 1796ஆம் ஆண்டு இந்நகரில் பிறந்தவர் முன்ஷி அப்துல்லா. யேமனிலிருந்து நாகூர் வந்து அங்கே மணம் புரிந்துகொண்ட ஓர் அரபியரின் வழிவந்தவர் அவர். அக்காலத்தில் மலாக்காவில் இந்திய வணிகர் நிறைந்திருந்தமையால், கணக்கு வழக்குக்கும் பேச்சுக்கும் உதவும் என்று வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாக இருந்தது என அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையாரும் அவரைத் தமிழ் கற்க அனுப்பினார். அந்தத் தமிழ் வீண்போகவில்லை. 1835இல், தமிழறிந்த நண்பர் ஒருவரின் துணையோடு, பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய் மொழிக்கு அவர் பெயர்த்தார். மலாய் இலக்கிய வரலாற்றில் சிறப்பிடம் பெற்ற அந்தப் பெருமகனார், நம் முயலையும் சிங்கத்தையும் குரங்கையும் முதலையையும் மலாய் வாசகருக்கு அறிமுகப்படுத்தினார் என்பது நாம் மறக்கத் தகாத செய்தி.

ஏறத்தாழ அதே காலத்தில் மலாக்காவில் விலங்குப் படங்களும் உருவாயின. 1803 முதல் 1818 வரை இந்நகரை நிர்வகித்த வில்லியம் ஃபார்க்குவார், சீன ஓவியர்களைக் கொண்டு இந்நாட்டு விலங்குகளையும் செடிகொடிகளையும் வண்ண ஓவியங்களாகத் தீட்டச் செய்தார். மொத்தம் 477 ஓவியங்கள் இன்றும் சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. தாப்பிரும் எறும்புதின்னியும் அவற்றில் உயிரோடு நிற்பதுபோல் காட்சியளிக்கின்றன. ஒரே ஊரில் கதை ஒருவரிடமும் படம் மற்றொருவரிடமும் இருந்தன. கதை மொழி கற்போருக்குப் போயிற்று. படம் ஆய்வாளருக்குப் போயிற்று. மலாக்காத் தெருவில் விளையாடிய குழந்தைக்கு இரண்டும் கிட்டவில்லை.

மேல்நாட்டில் குழந்தையின் முறை சற்று முன்பே வந்தது. மொராவியாவில் பிறந்த கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் நியூரம்பர்க்கில் ஒரு படநூலை வெளியிட்டார். எழுத்துகளின் ஒலியை விலங்குகளின் குரலைக் கொண்டு கற்பிக்க முனைந்த நூல் அது. அதன் முதல் எழுத்துக்கு உரிய படம் எது தெரியுமா? கத்தும் காகம்! பின்னர் 1893இல், பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் ஆங்கிலப் பெண்மணி, நோயுற்றிருந்த ஒரு சிறுவனுக்கு ஆறுதலாக ஒரு முயலின் கதையைப் படம் வரைந்து கடிதமாக எழுதி அனுப்பினார். அதுவே 1902இல் 'பீட்டர் முயல்' என்ற நூலாக வெளிவந்தது. சிறு கைகளுக்குப் பிடிக்க எளிதாக நூலும் சிறியதாக இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கதை, படம், குழந்தை ஆகிய மூன்றும் அங்கே கூடின.

தமிழிலும் இம்முயற்சி காலப்போக்கில் வலுப்பெற்றது. 1947இல் 'அம்புலிமாமா' வந்தது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பாட்டால் பிள்ளைகளை ஆட வைத்தார். 1957இல் தொடங்கப்பட்ட தேசிய புத்தக நிறுவனம் மலிவு விலையில் படநூல்களைத் தமிழிலும் தந்தது. 1984இல் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு வந்த 'பூந்தளிர்' குரங்கையும் காக்கையையும் படக்கதை நாயகர்களாக்கியது. 1996இல் சென்னையில் தோன்றிய துலிகா பதிப்பகம் மிகச் சிறு குழந்தைகளுக்கென்றே படநூல்களை வெளியிடலாயிற்று.

இவை நம் தோட்டத்துக் குழந்தையின் கைக்கு வந்தனவா? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்றது. பள்ளி எழுந்தது. ஆனால் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஓர் ஆசிரியரும் ஓர் அறையுமாகவே நெடுங்காலம் இருந்தது. பாடநூலே கிடைத்தற்கரிய பொருளாயிருந்த இடத்தில், சிரிப்பதற்கென்று ஒரு நூல் வாங்க யார் துணிவார்கள்? பால்மரம் சீவிவிட்டுக் களைத்து வந்த பாட்டி சொன்ன கதைதான் அன்றைய படநூல். படத்தைப் பிள்ளை தன் மனத்திலே வரைந்துகொண்டது.

இங்கே நாம் மற்றொரு சிறு விலங்கைச் சந்திக்க வேண்டும். ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் பரமேஸ்வரன் இவ்வூர் ஆற்றங்கரையில் இளைப்பாறியபோது, ஒரு வெள்ளைச் சருகுமான் அவனுடைய வேட்டை நாயை உதைத்து ஆற்றில் தள்ளியது என்றும், அதைக் கண்டு வியந்து அவன் இங்கே நகரமைத்தான் என்றும் மரபு கூறுகிறது. மலாக்கா மாநிலச் சின்னத்தில் இன்றும் இரண்டு சருகுமான்கள் நிற்கின்றன. மலாய்க் கதைகளில் இதுவே 'சாங் கஞ்சில்'. அரசன் விருந்து வைக்கப் போகிறான், உங்களை எண்ண வேண்டும் என்று சொல்லி முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, அவற்றின் முதுகின்மேல் துள்ளி ஆற்றைக் கடந்த கெட்டிக்கார விலங்கு. 1901இல் ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர் இத்தகைய கதைகளைத் தொகுத்துப் படங்களுடன் நூலாக்கினார்.

கிணற்று நீரில் சிங்கத்திற்கு அதன் நிழலைக் காட்டி வீழ்த்திய முயலும், முதலைகளை ஏமாற்றிய சருகுமானும் ஒரே குணமுடையவை. இரண்டும் சிறியவை, அறிவை மட்டும் நம்பிப் பிழைப்பவை. வேடிக்கை விலங்குக் கதை உலகெங்கும் விரும்பப்படுவதற்குக் காரணம் இதுவே என எண்ணுகிறோம். வீட்டிலும் வகுப்பிலும் ஆகச் சிறியவர் குழந்தை. சிறியது வெல்லும்போது அது தன்னை மறந்து சிரிக்கிறது. அந்தச் சிரிப்பில் ஒரு துணிவு பிறக்கிறது.

இதை நாங்கள் கண்ணால் கண்டோம். ஓராண்டு எங்கள் வகுப்பில் ஒரு சிறுவன் பல மாதங்களாக வாய் திறக்கவில்லை. தோட்டம் கைமாறி, குடும்பம் பட்டணத்து அடுக்ககத்துக்குக் குடியேறியிருந்தது. புதிய இடம், புதிய முகங்கள். ஒருநாள் அட்டைத்தாளை மடித்து ஆளுக்கொரு சிறு நூல் செய்து, தாங்கள் பார்த்த விலங்கைப் படமாக வரையச் சொன்னோம். அவன் லயத்துக் கோழிக்கூண்டில் தலை மாட்டிக்கொண்ட உடும்பை வரைந்தான். அருகிலிருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர். "அப்புறம் என்னாச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். அவன் சொல்லத் தொடங்கினான். அன்று முழுவதும் அவன் பேச்சு நிற்கவில்லை.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். படநூல் வாங்கும்போது, அது யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறது என்று பாருங்கள். பூனையின் பொய்த்தவத்தையும் சிங்கத்தின் செருக்கையும் கண்டு சிரிக்கலாம். பருத்ததையும் கறுத்ததையும் நொண்டுவதையும் காட்டிச் சிரிக்க வைக்கும் நூல் வேண்டாம். கதை முடிந்தவுடன் "இதனால் அறியப்படும் நீதி யாது?" என்று உடனே கேட்கவும் வேண்டாம். முதலில் சிரிக்கட்டும், மறுபடி படி என்று கேட்கட்டும்.

நரியும் சிங்கமும் இருக்கட்டும். அவை நம் மரபுச் செல்வம். அவற்றோடு சருகுமானும் உடும்பும் எறும்புதின்னியும் தமிழ் பேசும் படநூல்கள் இன்னும் பல வேண்டும். 1835இல் மலாக்காவில் பிறந்த ஒருவர் தமிழில் இருந்த முயலை மலாய் மொழிக்குக் கொண்டுபோனார். மலாய் மண்ணின் சருகுமானைத் தமிழுக்குக் கொண்டுவருவது நம் பங்கு. அட்டைத்தாளும் வண்ணப் பென்சிலும் இருந்தால், அந்தப் பணியை நாளைக் காலை முதல் பாடவேளையிலேயே தொடங்கிவிடலாம்.