நாமே அடுக்கிய கற்கள்

திருகோணமலையின் வரலாற்றை எழுத முனைவோர் பெரும்பாலும் பிரெடெரிக் கோட்டையிலிருந்தே தொடங்குவர். போர்த்துக்கேயர் கட்டினர், ஒல்லாந்தர் திருத்தினர், ஆங்கிலேயர் பெயர் சூட்டினர் என்று அது நீளும். துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவை ஒட்டிய கிண்ணியா, மூதூர் வீடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவற்றில் பலவற்றுக்குக் கல் வைத்தவர்கள் மேசன்மார் அல்லர், அந்தந்த வீட்டுக்காரர்களே.

2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி கிண்ணியா வைத்தியசாலையையே அழித்துச் சென்றது. கரையோர வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அரசு அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. முற்றாக அழிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபா, நான்கு தவணைகளில். அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை நகர்ந்தால்தான் அடுத்த தவணை கைக்கு வரும். போரில் வீடிழந்தோருக்கான வடகிழக்கு வீடமைப்புத் திட்டமும், உரிமையாளரே கட்டும் இதே முறையைத்தான் கைக்கொண்டது.

எல்லா ஊரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கியது. மேசன் கூலி ஏறியது. சீமெந்து விலையும் ஏறியது. பாலம் வந்தது 2009இல்தான். அதுவரை நகரத்துச் சாமான்கள் பாதையில் ஏறித்தான் கிண்ணியாவுக்கு வந்தன. கூலி கொடுத்தால் கூரைக்குப் பணம் மிஞ்சாது. ஆகவே, வலை இழுத்த என் வாப்பா சாந்தகப்பையைத் தூக்கினார். நான் கல் சுமந்தேன். அடுத்த வளவு மேசன் காக்கா வேலியருகே நின்று சொல்லித் தந்தார்: "தம்பி, கல்லப் பாக்காத, நூலப் பாரு."

பொருத்துக்கு மேல் பொருத்து வரக்கூடாது. மேல்வரிசைக் கல் கீழிரு கற்களிலும் அமர வேண்டும். மூலைகளை முதலில் எழுப்பி, தூக்குக்குண்டு பிடித்து, இடையில் நூல் கட்ட வேண்டும். ஒரே நாளில் பல வரிசை ஏற்றினால் ஈரச் சாந்து நசிந்து சுவர் சாயும். அரிந்த கல்லை ஒரு கிழமைக்கு மேல் நனைக்க வேண்டும். அவசரத்தில் நனைக்காதவர்களின் கல் கையிலேயே உதிர்ந்தது. மகாவலி மணலுக்குச் செலவழிக்க இயலாமல் கடல் மணல் கலந்தவர்களின் சுவரில் சில வருடங்களில் பூச்சு கழன்றது; உப்பு ஏறிக் கம்பி துருப்பிடித்தது.

2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது, மக்கள் அரைகுறைச் சுவர்களை விட்டுவிட்டுக் கந்தளாய்க்கு நடந்தனர். திரும்பி வந்து, நின்ற வரிசையிலிருந்தே சிலர் தொடர்ந்தனர்.

அந்தச் சுவர்களை இடித்து இப்போது மாடி வீடு எழுப்புகிறோம். அதில் தவறில்லை. ஆனால் கட்டிய கைகளும் ஒவ்வொன்றாக மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அண்மையில் என் வகுப்பில், "உங்கள் வீட்டுச் சுவரை யார் கட்டியது?" என்று கேட்டு எழுதிவரச் சொன்னேன். ஒரு மாணவி தன் மூத்தவாப்பாவின் கணக்குக் கொப்பியையே கொண்டு வந்தாள். சீமெந்து இத்தனை பை, மணல் இத்தனை லோட், கடன் இன்னாரிடம் இவ்வளவு. கடைசிப் பக்கத்தில், கூலி என்ற இடத்துக்கு நேரே, "நானும் பெண்சாதியும்" என்று எழுதியிருந்தது.

இத்தகைய கொப்பிகள் இன்னும் சில அலுமாரிகளில் கிடக்கும். பழைய கடதாசிக்காரனுக்குப் போடுமுன் ஒரு தடவை திறந்து பாருங்கள்.