நீலகிரி வேட்டைச் சட்டமும் கரடியும்

நீலகிரிக் காடுகளின் கரடியும் காட்டுக்கோழியும் தமிழுக்குப் பழையவை. சங்கப் பாடல்கள் கரடியை எண்கு என்று குறிப்பிட்டு, அது புற்றைத் தோண்டிக் கறையான் தின்பதையும் சொல்கின்றன. முல்லைத் திணையின் கருப்பொருள்களில் ஒன்று கானக்கோழி. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இவ்விரண்டில் காட்டுக்கோழிக்கு மட்டுமே சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது.

1820-களில் உதகையில் ஆங்கிலேயர் குடியேறத் தொடங்கினர். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் துப்பாக்கி வேட்டையும் தோட்டப் பயிர்களின் பரவலும் சேர்ந்து காட்டுயிர்களைக் குறைத்தன. கவலையுற்ற வேட்டைக்காரர்களே 1877-இல் ஒரு சங்கம் அமைத்தனர். 1879-இல் சென்னை மாகாணத்தில் நீலகிரிக்கென்றே வேட்டை உயிர்கள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட மாதங்களில் வேட்டையைத் தடை செய்ய அது வழிவகுத்தது.

அச்சட்டம் பெயர் சொல்லிக் காத்தவை காட்டெருமை, கடமான், வரையாடு, மற்ற மான்கள், முயல், காட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை, சுண்டங்கோழி ஆகியன. (வரையாட்டை அது ‘ஐபெக்ஸ்’ என்று தவறாகவே அழைக்கிறது.) கரடி, புலி, சிறுத்தை ஆகியவற்றின் பெயர் அதில் இல்லை. உணவுக்கும் கொம்புக்கும் வேட்டைக்காரர் விரும்பியவை அடுத்த பருவத்திற்கும் மிஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். காட்டைக் காப்பது அன்று. ஆளைத் தாக்கும் விலங்கு குறைந்தால் நல்லது என்றே அன்று கருதப்பட்டது.

பட்டியலில் இருந்ததாலேயே காட்டுக்கோழி தப்பிவிடவில்லை. சேவலின் கழுத்து இறகில் மெழுகு பூசியது போன்ற மஞ்சள் புள்ளிகள் உண்டு. பிரிட்டனில் மீன்பிடிக்கும் தூண்டில் முள்ளில் செயற்கைப் பூச்சி கட்ட அவ்விறகுக்குப் பெருந்தேவை இருந்தது. மாமிசத்திற்காக அன்றி இறகுக்காகவே பல சேவல்கள் மடிந்தன. 1902-இல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது.

கரடி நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் உரிமம் பெற்ற வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தமே அதை நீக்கியது. இன்று கரடி அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து ஊருக்குள் வரும் கரடிகள், கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துச் செல்கின்றன.