காலி நாற்காலி பிறந்த கதை

தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலை தொப்பூரில்தான் கணவாய்க்குள் இறங்குகிறது. சரிவில் லாரிகள் கியரைக் குறைத்து உறுமுகிற சத்தம் சுற்றுவட்டாரத்துக்கே ராத்திரித் தாலாட்டு. அந்தச் சத்தத்துக்கு நடுவில், சாலையை விட்டு உள்ளே தள்ளிய ஓர் ஊரில், திரௌபதி அம்மன் கோயில் திடலில், சின்ன வயதில் முதல் பாரதக் கூத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கு ஆடியது ‘பகடைத் துகில்’, சூதாட்டக் கதை. சபைக்குச் சிம்மாசனம் வேண்டும் என்று பக்கத்து வீட்டு மர நாற்காலியைப் பையன்கள் நாலு பேர் தூக்கி வந்து போட்டோம். புஜக்கீர்த்தியும் கிரீடமுமாகத் தருமர் அதில் உட்கார்ந்தார். நாட்டைப் பந்தயம் வைக்கப் போகிற நேரத்தில் கட்டியக்காரன் குறுக்கே வந்தான். “ராஜா, இந்த நாடு உங்க அப்பன் ஊட்டுச் சொத்தா, இல்ல இங்க உக்காந்திருக்கிற சனங்க சொத்தா?” என்று கேட்டான். எனக்குத் திக்கென்றது. பக்கத்தில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தாத்தா, “அது தருமரைக் கேக்கறது இல்லடா” என்றார்.

கட்டியம் என்றால் ராஜாவின் புகழைக் கூவிச் சொல்வது. அந்த வேலைக்கு வந்தவனுக்குத்தான் ராஜாவைக் கேள்வி கேட்கும் உரிமையையும் கூத்து கொடுத்திருக்கிறது. அவன் பாதி கதைக்குள் இருப்பவன், பாதி ஊர்க்காரன். அந்தக் கேள்வியைப் பாரதியார் கவிதையில் ஏற்றினார். 1912-ல் வெளிவந்த ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகத்துக்குப் பிறகான சூதாட்டப் பகுதியில், கதையை நிறுத்திவிட்டுத் தருமரையே கடிகிறார். நாடு காவலுக்கு ஒப்படைக்கப்பட்ட பொருள், ஆள்பவன் வைத்து ஆடுவதற்கு அல்ல என்பது அவர் கட்சி. அந்த இரண்டாம் பாகம் அவர் மறைவுக்குப் பிறகு, 1924-ல்தான் புத்தகமாக வந்தது.

பிறகு கட்சிகள் வந்தன. கட்சிக்குள் தலைமையைப் பார்த்து நேராகக் கேட்பது கடினம். கேட்டவனைத் துரோகி என்பார்கள். இதிகாசத்துக்குள் நின்று சொன்னால் கேட்பவர் எல்லோருக்கும் முன்கதை தெரியும், ஒரு பெயரைச் சொன்னால் போதும். அப்படிக் கட்சி மேடை எடுத்துக்கொண்ட பெயர்களில் நீண்ட நாள் நிலைத்தது பரதன். அண்ணனின் பாதுகைகளை அரியணையில் வைத்துவிட்டு விலகி நின்ற தம்பி.

இதில் வியப்பு என்னவென்றால், தமிழகக் கட்சி வரலாற்றின் முதல் பெரிய காலி நாற்காலியைப் போட்டவர்கள் ராமாயணத்தை ஏற்காதவர்கள். தொப்பூர்க் கணவாய் இறங்கிப் போனால் வருகிற சேலத்தில்தான், 1943-ல், கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று அண்ணா நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு வாதிட்டார். மறுவருடம் அதே சேலத்தில் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் ஆனது. 1949 ஜூலையில் கழகத் தலைவர் பெரியார் மணியம்மையை மணந்தார். தலைவரின் முடிவை ஏற்க முடியாதவர்கள் பிரிந்துவந்து, செப்டம்பரில் சென்னை ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், தி.மு.க.வைத் தொடங்கினார்கள்.

புதுக் கட்சியில் தலைவர் பதவிக்கு யாரையும் அமர்த்தவில்லை. அது பெரியாருக்கு உரிய இடம் என்று சொல்லி, அண்ணா பொதுச்செயலாளராக இருந்தே கட்சியை நடத்தினார். அவர் மறைந்த பிறகு, 1969-ல் கருணாநிதி தலைவராகும் வரை அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. இருபது வருடம்! மரியாதையும் குற்றச்சாட்டும் அதில் சேர்ந்தே உட்கார்ந்திருந்தன. ‘இது உங்கள் இடம், நீங்கள்தான் இங்கே இல்லை’ என்று பெரியாரை வையாமலே சொல்லிக்கொண்டிருந்தது அது.

பரதன் என்ற பெயர் வெளிப்படையாக ஒட்டிக்கொண்டது இந்த நூற்றாண்டில். 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் முதல்வர் ஜெயலலிதா பதவி இழந்தபோது அவர் கட்சியின் ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். சில மாதங்களில் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். 2014-ல் மறுபடியும் அதே நிலை, கண்ணீரோடு பதவியேற்பு. ஜெயலலிதாவின் அறையையும் நாற்காலியையும் அவர் தொடவில்லை என்று பத்திரிகைகள் எழுதின, பரதன் என்றும் எழுதின. அப்போது அது பாராட்டு.

ஜெயலலிதா மறைந்ததும் பன்னீர்செல்வமே மறுபடி முதல்வரானார். இரண்டு மாதத்தில் கதை திரும்பியது. 2017 பிப்ரவரி 7 இரவு, மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் அவர் தியானத்தில் அமர்ந்தார். எழுந்து வந்து, தன்னைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்று கட்சியின் புதிய தலைமைமீது குற்றம் சாட்டினார். அந்தப் போராட்டத்துக்குப் பெயர் ‘தர்மயுத்தம்’. ராமாயணத்திலிருந்து எழுந்தவர் பாரதத்துக்குள் நுழைந்துவிட்டார். ஆகஸ்டில் கட்சியின் இரு அணிகளும் இணைந்தன. 2022 ஜூலையில் அதே கட்சி அவரை நீக்கியது.

வடக்கிலும் இதே நாற்காலி வந்தது. 2024 செப்டம்பரில் டெல்லி முதல்வரான ஆதிஷி, தனக்கு முன் முதல்வராக இருந்த கெஜ்ரிவாலுக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாக வைத்துத் தன்னைப் பரதனோடு ஒப்பிட்டார். ஆதரவாளர்கள் நெகிழ்ந்தார்கள். முதல்வர் பதவியை அவமதிக்கும் செயல் என்று எதிர்க்கட்சிகள் கண்டித்தன.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. கட்சி மேடைகள் பரதன் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. தலைவருக்கு அடங்கி நடந்த தம்பி என்ற துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கின்றன. முழுக் கதையில் பரதன் முதலில் செய்வது எதிர்ப்பு. தனக்குப் பதவி வாங்கிக் கொடுத்த தாயையே, செய்தது அநியாயம் என்று முகத்துக்கு நேரே சாடுகிறான். தனக்கு லாபமான அநீதியை எதிர்த்தவன் அவன். பாதுகைகளை வாங்கியபோதும் கணக்கில்லாமல் வாங்கவில்லை. பதினான்கு வருடம் என்று கெடு வைத்தான். கெடு முடிந்தும் அண்ணன் வராவிட்டால் தீயில் இறங்குவேன் என்றான். கெடு முடிந்த அன்று தீயையும் வளர்த்துவிட்டான், நல்லவேளையாக அனுமன் வந்து சேர்ந்தான். ஆக, காலி நாற்காலி ராமனையும் கட்டிப்போட்டது. சொன்ன நாளில் வந்தே தீர வேண்டும்.

இந்தப் பகுதியைச் சேர்த்துச் சொன்னால், பரதன் தொண்டனுக்கு மட்டும் பாடம் ஆக மாட்டான். உனக்கு ஆதாயம் தரும் அநியாயத்தைக் கண்டித்தாயா என்று தம்பியைக் கேட்பான், நீ ஒப்புக்கொண்ட கெடு என்ன ஆயிற்று என்று அண்ணனைக் கேட்பான். கட்சிகளில் கட்டியம் கூறுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். கட்டியக்காரன்தான் இல்லை.

எங்கள் கூத்து எதையும் பாதியில் நிறுத்தாது. பகடை உருண்ட பிறகும் இரவு இரவாக நடந்து, துரியோதனன் மண்ணுருவமாக விழுந்து கிடக்கிற படுகளம் வரைக்கும் ஊரைக் கூட்டிக்கொண்டு போகும். தாத்தா சொன்னது எனக்கு விளங்கப் பல வருடம் ஆயிற்று. ஆனால் அன்று விடிந்ததும் நாங்கள் செய்த வேலை நன்றாக நினைவிருக்கிறது. தருமர் அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் நாலு பேரும் சிம்மாசனத்தைத் தூக்கிக்கொண்டு போய், எந்த வீட்டில் வாங்கினோமோ அந்த வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டு வந்தோம்.