பட்டியலில் இல்லாத வலி

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம்களைச் சரிபார்க்கும் மென்பொருளில் வேலை பார்க்கிறேன். வருஷா வருஷம் அக்டோபர் 1 அன்று அங்கே நோய்க் குறியீட்டுப் பட்டியல் மாறும். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு எங்கள் அட்டவணையைத் திருத்த வேண்டும். 2020இல் அப்படிப் பார்த்தபோது நான்கு புது வரிகள் கண்ணில் பட்டன. என்61.20 முதல் என்61.23 வரை: கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ். எந்த மார்பகம் என்று குறிப்பிடாதது, வலது, இடது, இரண்டும்.

எனக்கு அந்தப் பெயர் புதுசு இல்லை. பெரியம்மா மகளுக்கு வந்தது அதுதான். குழந்தைக்கு மூன்று வயதாகும்போது மார்பில் கட்டி. புற்றுநோயோ என்று வீடே உறைந்துபோனது. திசுப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை, கிரானுலோமா இருக்கிறது என்று வந்தது. உடனே காசநோய் என்று முடிவுகட்டி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். காசநோய்க் கிருமி எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் பெயரைச் சொன்னார். "இப்படி ஒரு வியாதி இருக்குன்னு முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா பாதி பயம் போயிருக்கும்டா" என்றாள் அக்கா.

இந்த நோயைக் கெஸ்லரும் வொல்லாக்கும் மருத்துவ இதழில் தனியாக விவரித்தது 1972இல். புற்றுநோய் போலவே தோற்றம் காட்டும் என்று அப்போதே எழுதிவிட்டார்கள். பட்டியலில் அதற்கு ஒரு வரி கிடைக்க 48 வருஷம் ஏன் ஆனது?

பட்டியல் பிறந்த விதத்தில் பதிலின் ஒரு பகுதி இருக்கிறது. 1893இல் சிகாகோவில் ஜாக் பெர்ட்டியோன் முன்வைத்தது மரணக் காரணங்களின் பட்டியல். அதன் விரிவான வடிவத்தில் 161 தலைப்புகள். செத்தால்தான் கணக்கு. உயிரோடு அவதிப்படுகிறவர்களின் நோய்கள் முறையாக உள்ளே வந்தது, 1948இல் உலக சுகாதார நிறுவனம் ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்தபோதுதான்.

அதற்குப் பிறகும் இடப் பங்கீடு சமமாக இல்லை. பத்தாவது திருத்தத்தில், பிரசவத்தையும் பாலூட்டலையும் ஒட்டி வரும் மார்பகத் தொற்றுகளுக்கு ஓ91 என்று தனி வீடு. காம்புத் தொற்று, சீழ்க்கட்டி, சீழில்லாத அழற்சி என்று மூன்று அறைகள். அந்தக் காலத்துக்கு வெளியே வரும் அழற்சிகளுக்கு என்61 என்ற ஒரே பெட்டி. அமெரிக்க வடிவத்தில் 2016இல் அதைச் சீழ்க்கட்டி இல்லாதது, சீழ்க்கட்டி என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2020இல்தான் இந்த நோய் தனியே வெளியே வந்தது.

குறியீடு யாரையும் குணப்படுத்தாது. ஆனால் டேட்டாபேஸில் வேலை பார்க்கிறவனுக்கு ஒன்று தெரியும்: தனி மதிப்பு இல்லாததைத் தனியாக எண்ண முடியாது. எத்தனை பெண்களுக்கு வந்தது, எத்தனை பேருக்கு ஆன்டிபயாட்டிக் வீணாகப் போனது, யாருக்கு ஸ்டீராய்டு உதவியது என்று குறியீட்டை வைத்துக் கேட்டால், சாதாரணச் சீழ்க்கட்டிகளும் சேர்ந்தேதான் பதில் வரும். ஆவணத்தில் டாக்டர் எழுதியதைத் தாண்டிக் கோடிங் செய்பவர் ஊகிக்கவும் கூடாது. டாக்டர் சரியாகவே எழுதினாலும், போட இடம் வேண்டுமே.

இந்த நான்கு வரிகள் அமெரிக்கப் பட்டியலுக்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது திருத்தத்தில் என்61 பிரியாத பெட்டியாகவே இருக்கிறது. அக்காவின் ஃபைலுக்கு இவை பொருந்தாது என்று தெரிந்தும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "எனக்கு இடது. அப்போ நான் இருபத்திரெண்டு."